டிர்ண்டிலுக்குக் கீழே இரண்டு பாதங்கள்

1

ஜெர்மனியின் தென்மாநிலமான பவேரியாவில் பெண்கள் அணியும் மரபுடைக்கு டிர்ண்டில் என்று பெயர். உடலை ஒட்டித் தைத்த மேற்பகுதி, அதற்குள் கைவைத்த வெள்ளை ரவிக்கை, இடுப்பில் சுருக்குவைத்த அகலமான பாவாடை, பாவாடைமேல் கட்டிக்கொள்ளும் ஏப்ரன். இந்த நான்கும் சேர்ந்ததுதான் டிர்ண்டில். ஆண்டுதோறும் செப்டம்பர் பிற்பகுதியில் மியூனிக் நகரில் அக்டோபர்ஃபெஸ்ட் தொடங்கும்போது பெண்கள் கூட்டம் கூட்டமாக இதை உடுத்திக்கொண்டு திருவிழாத் திடலுக்கு வருகிறார்கள். கிளம்புவதற்கு முன் அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கேள்விக்குப் பதில் கண்டாக வேண்டும். காலில் எதைப் போட்டுக்கொள்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பலர் இருக்கிறார்கள். ஹீல்ஸ் போட்டால் கால் நீளமாகத் தெரியும் என்பார்கள். முழங்காலுக்குக் கீழே முடிகிற பாவாடைக்குத் தட்டையான ஷூ போட்டால் கால் குட்டையாகத் தெரியும் என்பார்கள். ஸ்னீக்கர் போடுவது மரபுக்கே இழுக்கு என்பார்கள். பட்டியலின் கடைசியில், நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும், ஆகவே கொஞ்சம் வசதியாகவும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி வரும். அழகு முதலில், மரபு அடுத்து, நிற்பவளின் கால் கடைசியில்.

அலமாரி முன் நின்று தீர்க்க வேண்டிய விஷயத்தில் அறவியல் எங்கே வந்தது என்று கேட்கலாம். இந்த வரிசையில்தான் வந்தது. மரபும் அழகும் ஓர் உடலிடம் வலியைக் கேட்கும்போது, அந்த உடலுக்கு மறுக்கும் உரிமை உண்டா? மறுத்தால் அவள் எதை இழக்கிறாள்? இந்தக் கேள்வியைப் பொதுவாக வைத்துப் பேசினால் அது எளிதில் நழுவிவிடும். ஒரு குறிப்பிட்ட உடையையும் ஒரு குறிப்பிட்ட திடலையும் எடுத்துக்கொண்டு பேசிப் பார்க்கலாம்.

2

முதலில் அந்தத் தரை. தெரேசியன்வீஸ என்பது 42 ஹெக்டேர் பரப்புள்ள திடல். 1810 அக்டோபரில் பவேரியப் பட்டத்து இளவரசர் லுட்விக்குக்கும் தெரேசாவுக்கும் திருமணம் நடந்தபோது, ஊருக்கு வெளியே இருந்த இந்த வெளியில் குதிரைப் பந்தயம் வைத்துக் கொண்டாடினார்கள். திடலுக்கு மணமகளின் பெயர் நிலைத்தது. ‘வீஸ’ என்றால் புல்வெளி. இன்று அங்கே காலில் படுவது பெரும்பாலும் தாரும் ஜல்லியும்தான். 16 முதல் 18 நாள்வரை நடக்கும் விழாவுக்கு இப்போது 60 லட்சம் பேர் அளவில் வருகிறார்கள்.

ரயில் நிலையத்திலிருந்து கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வர வேண்டும். பீர்க் கூடாரங்களுக்குள் மரத்தளம். மாலையாக ஆகச் சிந்திய பீரில் அது வழுக்கும். இசைக்குழு வாசிக்கத் தொடங்கிவிட்டால் எல்லோரும் பெஞ்சுமேல் ஏறி நின்று பாடுவது வழக்கம். அந்த பெஞ்சின் அகலம் ஏறக்குறைய ஒரு சாண். கீழே எங்காவது உடைந்த குவளையின் சில்லு கிடக்கும். முன்பக்கம் திறந்த செருப்பு விரலைக் காப்பாற்றாது. ஊசிக்குதி ஷூ அந்த ஒரு சாண் பலகையில் நிற்க விடாது.

பாதம் 26 எலும்புகளால் ஆனது. தட்டையாக நிற்கும்போது உடலின் எடை குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் பகிர்ந்து போகிறது. குதி உயர உயர எடை முன்பக்கம் சரிந்து விரல்களின் அடிப்பகுதியில் குவிகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கிய நிலையிலேயே இருக்கிறது. முழங்காலும் இடுப்பும் அந்தச் சாய்வைச் சரிக்கட்ட ஓயாமல் வேலை செய்கின்றன. கூர்முனை ஷூவுக்குள் பெருவிரல் உட்பக்கமாகத் தள்ளப்படுகிறது. ஓர் இரவில் இது வலியாக முடியும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் பாதத்தின் வடிவமே மாறும்.

ஆகவே ஷூ வாங்கப் போகிறவள் கவனிக்க வேண்டியவை ஒன்றும் மர்மமில்லை. மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும், அப்போது போட்டுப் பார்ப்பது நல்லது. விரல்கள் உள்ளே விரிய இடம் வேண்டும். பாதத்தின் மேற்புறத்தில் ஒரு பட்டை இருந்தால், ஷூவைக் கழலாமல் பிடித்துக்கொள்ள விரல்களை மடக்க வேண்டியிருக்காது. குதி வேண்டுமென்றால் இரண்டு விரற்கடை உயரத்தில், அகலமாக. அடிப்பகுதி வழுக்காததாக. புதிதாக வாங்கியதை நேரே விழாவுக்குப் போட்டுப் போகாமல் வீட்டில் சில நாள் போட்டுப் பழக்க வேண்டும். இவ்வளவுதான். இது தெரியாமல் யாரும் வலியை வாங்கிக்கொள்வதில்லை.

இதே திடலில் இன்னொரு வகைப் பெண்களும் டிர்ண்டில் உடுத்தியிருக்கிறார்கள். பீர் பரிமாறுகிறவர்கள். ஒரு லிட்டர் பிடிக்கும் கண்ணாடிக் குவளை வெறுமையாகவே 1.3 கிலோ வரும். நிரம்பினால் 2.3 கிலோ. பத்துக் குவளையை ஒரே தூக்காகத் தூக்கினால் 23 கிலோ. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, நெரிசலை விலக்கி, காலையிலிருந்து இரவுவரை நடக்கிறார்கள், விழா முடியும்வரை. அவர்கள் காலில் தடித்த ரப்பர் அடியுள்ள, நாடா கட்டிய, பழகிய ஷூக்கள் இருக்கும். மலையேற்ற ஷூவாக இருக்கும், ஸ்னீக்கராகவும் இருக்கும். இவர்களைப் பார்த்து மரபைக் கெடுத்தாய் என்று யாரும் சொல்வதில்லை.

உடை ஒன்று, திடல் ஒன்று. ஒருத்தியின் காலில் உறுதியான ஷூ இயல்பு, இன்னொருத்தியின் காலில் அதுவே ரசனைக் குறைவு. ஏன் இந்த வேறுபாடு? பரிமாறுகிறவளின் கால் நின்றால் மேசைக்குப் பீர் வராது. மற்றவர்களுக்கு அவள் கால் தேவைப்படுகிறது, அதனால் அதற்கு அனுமதி கிடைக்கிறது. விருந்தாளியாக வந்தவளின் காலால் அவளைத் தவிர வேறு யாருக்கும் பயனில்லை. அவளுக்கே மட்டும் பயன்படுகிற கால் அங்கே கணக்கில் வருவதில்லை.

3

மரபின் பெயரால் பேசுகிறவர்களிடம் அந்த மரபின் வரலாற்றைக் கேட்பது நியாயம். டிர்ண்டிலின் வரலாறு அவர்களுக்கு அவ்வளவு உதவியாக இல்லை.

பவேரிய, ஆஸ்திரியப் பேச்சுவழக்கில் ‘டிர்ன்’ என்றால் இளம்பெண், பண்ணையில் வேலை செய்கிற பெண். டிர்ண்டில் அதன் செல்லக் குறுக்கம், சின்னப்பெண் என்பதுபோல. அவள் உடுத்தியது டிர்ண்டில் உடை. பிறகு உடை என்ற சொல் உதிர்ந்து, பெண்ணின் பெயரே துணியின் பெயராகிவிட்டது. பொது ஜெர்மன் மொழியில் ‘டிர்ன’ என்ற அதே சொல் நாளடைவில் பாலியல் தொழில் செய்யும் பெண்ணைக் குறிக்கும் சொல்லாகச் சரிந்தது. உழைக்கிற பெண்ணைக் குறித்த சொல் அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றிய சொல்லாக மாறுவது நமக்கும் அறிமுகமானதுதான்.

பண்ணைப் பெண்ணின் வேலை உடையை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கோடைக்கு மலைப்பக்கம் வந்த நகரத்து மேல்தட்டுப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். தடித்த துணிக்குப் பதில் மெல்லிய துணி, மங்கிய நிறத்துக்குப் பதில் பூவேலை. மியூனிக்கில் இதை ஒரு நாகரிக உடையாகப் பரப்பியதில் ஜூலியஸ், மோரிட்ஸ் என்ற வாலக் சகோதரர்களின் கடைக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் யூதர்கள். 1910இல் அக்டோபர்ஃபெஸ்ட்டின் நூற்றாண்டு ஊர்வலத்துக்கு உடைகளைத் தந்தவர்கள் அவர்கள்தான். 1930இல் பெர்லினில் அரங்கேறிய ‘வெள்ளைக் குதிரை விடுதி’ என்ற இசை நாடகம் டிர்ண்டிலை ஊரெங்கும் விரும்பப்படும் உடையாக்கியது.

பிறகு நாஜிகள் வந்தார்கள். 1938இல் சால்ஸ்பர்க்கில் யூதர்கள் ஆல்ப்ஸ் மரபுடைகளை அணியக் கூடாது என்று தடை வந்தது. வாலக் கடை அதே ஆண்டு யூதரல்லாதவர் கைக்கு மாற்றப்பட்டது. இந்த உடையைப் பரப்பியவர்களுக்கே இந்த உடை மறுக்கப்பட்டது. 1939 முதல் ஜெர்மானிய மரபுடைக்கான பொறுப்பில் இன்ஸ்ப்ருக்கிலிருந்து வேலை செய்த கெர்ட்ரூட் பெசன்டார்ஃபர், ஊர் ஊராக உடைகளை ஆவணப்படுத்தி அவற்றைப் ‘புதுப்பித்தார்’. கழுத்துவரை மூடியிருந்த காலர் போனது. இடுப்பு இறுகியது. மார்பு எடுப்பாகத் தெரியும் வெட்டு வந்தது. தேவாலயத்தின் மூட்டத்திலிருந்து உடையை விடுவிப்பதாகச் சொல்லப்பட்டது. தேசத்துக்குப் பிள்ளைகளைத் தரப்போகும் திடமான உடல் ஒன்றை அந்த உடை காட்ட வேண்டியிருந்தது. இன்று கடைகளில் நாம் காணும் டிர்ண்டிலின் உருவத்தில் அந்த வெட்டின் சாயல் இருக்கிறது.

போருக்குப் பிறகும் கதை நேராகப் போகவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வரவேற்புப் பெண்களுக்கு வெளிர்நீல டிர்ண்டில் சீருடையானது. ஆனால் விழாவுக்கு வந்த பொதுமக்கள் பல பத்தாண்டுகள் அன்றாட உடையில்தான் வந்தார்கள். எல்லோரும் மரபுடையில் வருவது என்பது 1990களின் இறுதிக்குப் பிறகு பரவிய பழக்கம். இன்று நாற்பது வயதாகும் ஒரு மியூனிக் பெண்ணைவிட அந்தப் பழக்கம் இளையது.

ஆகவே, மரபுப்படி டிர்ண்டிலுக்கு ஹீல்ஸ்தான் பொருத்தம் என்று ஒருவர் சொன்னால், எந்த மரபு என்று கேட்கலாம். மாட்டுக்கொட்டகையில் நின்றவளின் மரபா, கோடை விடுதியில் உலவியவளின் மரபா, 1939இன் அலுவலகம் திருத்திய மரபா, இருபத்தைந்து ஆண்டு வயதுள்ள வணிக மரபா? முதலாமவள் காலில் ஊசிக்குதி இருந்திருக்காது. இன்றும் மரபுடைச் சங்கங்களில் நடனமாடும் பெண்கள் குதி தாழ்ந்த கறுப்பு ஷூதான் போடுகிறார்கள். ஆண்கள் தொடையிலும் ஷூவிலும் தட்டித் தாளமிட, பெண்கள் நின்ற இடத்தில் பாவாடை குடையாக விரியச் சுழல்கிறார்கள். சுழல்வதற்குத் தரையைப் பிடிக்கும் கால் வேண்டும்.

4

அந்த ஆணின் காலையும் பார்க்க வேண்டும். பவேரிய ஆணின் மரபுடை தோல் கால்சட்டை. அதற்குரிய ஷூ ஹாஃபர்ல். 1803இல் ஓபர்ஸ்டோர்ஃப் என்ற ஆல்ப்ஸ் ஊரில் ஃபிரான்ஸ் ஷ்ராட் என்பவர் உருவாக்கியதாகச் சொல்லப்படுவது. தடித்த அடி, பக்கவாட்டில் நாடா, மலைச்சரிவில் இறங்கினாலும் வழுக்காத பிடிப்பு. கம்பளிக் காலுறையோடு போடுவார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவன் நிற்கலாம், நடக்கலாம், பெஞ்சில் ஏறலாம், இரவு வீடு திரும்பலாம். அவனுடைய மரபு அவன் காலைப் பற்றி யோசித்திருக்கிறது.

தோல் கால்சட்டை எவ்வளவு பழையதோ, எவ்வளவு தேய்ந்து எண்ணெய்ப் பளபளப்பு ஏறியிருக்கிறதோ, அவ்வளவு மதிப்பு. அப்பாவிடமிருந்து வந்தது என்றால் இன்னும் மதிப்பு. உழைத்த தடம் அவன் உடைக்குப் பெருமை. அவளுடைய உடை கஞ்சி மடிப்போடு புதிதாக இருக்க வேண்டும், ஷூ கீறலில்லாமல் இருக்க வேண்டும். ஒரே மரபு ஆணிடம் பயன்பாட்டையும் பெண்ணிடம் தோற்றத்தையும் கேட்கிறது.

பெண்கள் சிலர் இப்போது அந்த ஹாஃபர்லையே தங்களுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மரபுக்குள்ளேயே வழி கிடைத்துவிட்டது, ஸ்னீக்கர் போட்டுப் பழி வாங்க வேண்டாம் என்று நிம்மதி. எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. ஆனால் இதோடு நிறுத்திக்கொள்ளத் தயக்கமாகவும் இருக்கிறது.

ஏனென்றால், இதுவரை நான் செய்ததும் ஒரு வகையில் இதுதான். டிர்ண்டில் உழைப்பவளின் உடையாக இருந்தது, ஆகவே வசதியான ஷூவே உண்மையான மரபு என்று வாதிடுவது. பெண்ணியவாதிகளான நமக்கு மிகவும் பழகிய உத்தி இது. ஒரு தடையை எதிர்க்க, அதைவிடப் பழைய காலத்தில் அந்தத் தடை இல்லை என்று காட்டுவோம். பலமுறை அது உண்மையாகவும் இருக்கும், எதிராளியின் வாயை அடைக்கவும் உதவும். ஆனால் அதற்குள் ஒரு விட்டுக்கொடுத்தல் இருக்கிறது. பழையது என்றால் கீழ்ப்படியத்தான் வேண்டும் என்பதை நாமும் ஏற்றுக்கொண்டு விடுகிறோம். ஒருவேளை வரலாறு நமக்கு எதிராக இருந்திருந்தால்? பண்ணைப் பெண்கள் முந்நூறு ஆண்டுகளாக ஊசிக்குதியில் நின்றுதான் பால் கறந்தார்கள் என்று ஆவணம் கிடைத்தால்? இன்று நிற்பவளின் கால்வலி அப்போது நியாயமாகிவிடுமா?

ஆகாது. மரபு பொய் என்பதால் வலி தவறாகவில்லை. மரபு உண்மையாக இருந்தாலும் அந்த வலிக்கு அவளுடைய சம்மதம் தேவை. வரலாறு நம் வாதத்துக்குத் துணைக்கு வரலாம், அடித்தளமாக இருக்க முடியாது.

5

அப்படியானால் அடித்தளம் எது? இங்கே நம் மொழியிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். ‘வசதி’ என்ற சொல்லால் இதைப் பேசும்போது ஒரு சிக்கல் வருகிறது. வசதியான நாற்காலி என்கிறோம், வசதியான குடும்பம் என்றும் சொல்கிறோம். பணமும் சுகமும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதனால் ஒரு பெண் வசதியைக் கேட்டால் அவள் ஏதோ உபரியைக் கேட்பதாகக் காதில் விழுகிறது. இன்னொரு சொல் நம்மிடம் இருக்கிறது: வாகு. கைக்கு வாகான அரிவாள், இடுப்புக்கு வாகான குடம், காலுக்கு வாகான செருப்பு. உடலின் அமைப்புக்கு இசைந்து அதன் வேலைக்குத் துணைநிற்பது வாகு. அதில் சொகுசின் வாடை இல்லை. ஒரு செயலைச் செய்ய முடிகிறது என்ற நினைப்பு இருக்கிறது.

அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங் 1980இல் எழுதிய ஒரு கட்டுரையில், பெண்கள் தங்கள் உடலை இரண்டு விதமாக ஒரே நேரத்தில் வாழ்கிறார்கள் என்று காட்டினார். செயல்படும் ஆற்றலாகவும், பிறரால் பார்க்கப்படும் பொருளாகவும். ஒரு பந்தை எறியும்போதுகூட முழு உடலையும் எறிதலுக்குக் கொடுக்க முடியாமல் ஒரு பகுதி பின்தங்கி நின்றுவிடுகிறது. ஷூ விஷயம் அந்தப் பிளவின் கச்சிதமான உதாரணம். கால் நீளமாகத் தெரியும் என்பது பார்ப்பவரின் கணக்கு. கால் தரையைப் பிடிக்கிறது என்பது நிற்பவளின் கணக்கு. இரண்டும் ஒரே ஷூவில் நடக்கிறது.

பார்ப்பவரின் கணக்கு டிர்ண்டிலின் முடிச்சிலேயே இருக்கிறது. ஏப்ரன் நாடாவை இடப்பக்கம் முடிந்தால் அவள் தனியாள், வலப்பக்கம் என்றால் துணை உள்ளவள், பின்னால் என்றால் விதவை அல்லது பரிமாறுகிறவள் என்று ஒரு குறியீடு புழங்குகிறது. இது அவ்வளவு பழைய வழக்கமும் கிடையாது. ஆணின் தோல் கால்சட்டையில் அவன் மணமானவனா என்று அறிவிக்கும் நாடா எதுவும் இல்லை. பரிமாறுகிறவள் பின்னால் முடிவதற்குக் காரணம் எளிது. பத்துக் குவளையை அணைத்துத் தூக்கும்போது முன்னால் முடிச்சு இடைஞ்சல். அவளுக்கு அது வாகு. பார்ப்பவருக்கு அதுவும் ஒரு தகவல்.

2013 ஜனவரியில் ஜெர்மனியை உலுக்கிய ஒரு விவாதம் இந்த உடையின் பெயரோடு தொடங்கியது. ‘ஷ்டெர்ன்’ இதழின் நிருபர் லாரா ஹிம்மல்ரைஷ், ஓராண்டுக்கு முன் ஒரு விடுதியின் மதுக்கூடத்தில் ரைனர் ப்ரூடர்லே என்ற மூத்த அரசியல்வாதியிடம் தொழில்ரீதியாகக் கேள்வி கேட்டபோது நடந்ததை எழுதினார். அவர் மார்பைப் பார்த்தபடி அந்த அரசியல்வாதி, நீங்களும் ஒரு டிர்ண்டிலை நிரப்பக்கூடியவர்தான் என்ற பொருளில் பேசியிருக்கிறார். அந்த இரவில் ஹிம்மல்ரைஷ் டிர்ண்டில் உடுத்தியிருக்கவில்லை. உடுத்தாத உடைக்குள்ளும் ஒரு பெண்ணை வைத்துப் பார்க்க முடிந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் ‘கூக்குரல்’ என்று பொருள்படும் ‘ஆஃப்ஷ்ரை’ என்ற சொல்லின்கீழ்த் தங்கள் அனுபவங்களை எழுதினார்கள்.

அக்டோபர்ஃபெஸ்ட் திடலிலேயே 2003 முதல் ‘பாதுகாப்பான வீஸன்’ என்ற முயற்சி நடக்கிறது. மியூனிக்கின் பெண்கள் அமைப்புகள் சேர்ந்து நடத்துவது. தொடப்பட்டவள், துரத்தப்பட்டவள், தோழிகளைத் தவறவிட்டவள், வீட்டுக்குப் போக வழி தெரியாமல் நிற்பவள் யாரும் அங்கே போய் உட்காரலாம். அப்படி ஓர் இடம் தேவைப்படுகிற திடலில் காலணி வெறும் அலங்காரமாக இருக்க முடியாது. இருட்டில், ஜல்லியில், வேகமாக நடக்க வேண்டியிருக்கலாம். ஓட வேண்டியிருக்கலாம். வசதியான ஷூ போட்டால் அத்துமீறல் நடக்காது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொறுப்பை மறுபடி அவள் காலில் கட்டுவதாகிவிடும். விரும்பிய நேரத்தில் விரும்பிய வேகத்தில் ஓரிடத்தை விட்டு வெளியேற முடிவது சுதந்திரத்தின் மிக அடிப்படையான பொருள் என்றுதான் சொல்கிறேன். அந்தச் சுதந்திரத்துக்குக் கால் வேண்டும்.

6

இனி எல்லோரும் எழுப்பும் எதிர்வாதம். ஹீல்ஸ் என் விருப்பம், அதில் நான் உயரமாக உணர்கிறேன், ஒரு நாள் அலங்காரத்துக்காகக் கொஞ்சம் வலியைப் பொறுத்துக்கொள்கிறேன், இதில் பெண்ணியம் எதற்கு நுழைகிறது?

இதை ஏளனமாக ஒதுக்க எனக்கு மனமில்லை. அலங்காரத்தில் மகிழ்ச்சி உண்டு. அதைப் பொய்யுணர்வு என்று இன்னொரு பெண்ணுக்கு நாம் பாடம் எடுக்கத் தொடங்கினால், அவள் உடலைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவர்களின் வரிசையில் நாமும் போய் நிற்போம். மலையேறுகிறவர் வலியைத் தேர்ந்துகொள்கிறார், நடனமாடுகிறவர் தேர்ந்துகொள்கிறார். தேர்ந்துகொண்ட வலி இழிவானதல்ல.

ஆனால் ஒரு தேர்வு உண்மையிலேயே தேர்வுதானா என்பதை, அதைத் தேர்ந்தவளின் முகத்தைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. தேராதவளுக்கு என்ன நேர்கிறது என்றும் பார்க்க வேண்டும். தட்டையான ஷூவில் வந்தவளை யாரும் ஒரு நொடி மேலும் கீழும் பார்க்கவில்லை, புகைப்படத்தில் பின்வரிசைக்குத் தள்ளவில்லை, அவள் வேலையும் வருமானமும் குறையவில்லை என்றால், பக்கத்தில் ஹீல்ஸில் நிற்பவள் விரும்பித்தான் நிற்கிறாள். மறுப்பதற்கு விலை இருந்தால், ஏற்றுக்கொண்டவளின் விருப்பத்தோடு அந்த விலையும் கலந்திருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாமல் போகலாம்.

விலை எப்படி இருக்கும் என்பதற்கு மியூனிக்கைத் தாண்டியும் சாட்சியம் உண்டு. 2015 டிசம்பரில் லண்டனில் வரவேற்பாளராக வேலைக்குப் போன நிக்கோலா தார்ப், தட்டையான ஷூவில் வந்ததற்காக முதல் நாளே சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். 2019இல் ஜப்பானில் யூமி இஷிகாவா ‘கூ டூ’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஜப்பானிய மொழியில் ‘குட்ஸு’ ஷூ, ‘குட்ஸூ’ வலி. ஒரே ஒலியின் குறிலும் நெடிலும். வேலையிடத்தில் பெண்களை ஹீல்ஸ் போடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அவருடைய கோரிக்கைக்கு, சமூகத்தில் தேவையானதும் பொருத்தமானதும் என ஏற்கப்பட்ட வரம்புக்குள் அது இருக்கலாம் என்ற பொருளில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் பதில் சொன்னார். சமூகம் ஏற்றுக்கொண்டது என்பதுதான் அங்கே காரணம். மியூனிக்கில் மரபு என்று சொல்லப்படுவதும் டோக்கியோவில் பொருத்தம் என்று சொல்லப்படுவதும் ஒரே வேலையைச் செய்கின்றன. யார் கேட்கிறார்கள் என்பதை மறைத்துவிட்டு வலியை மட்டும் கேட்கின்றன.

டிர்ண்டில் உடுத்தும் பெண்ணுக்கு யாரும் சட்டம் போடவில்லை, உண்மைதான். ஆனால் விதியைச் சட்டமாக எழுத வேண்டிய தேவை இல்லாதபோதுதான் அது நன்றாக வேலை செய்கிறது. அந்த விதியை உடைக்க வாதத்தைவிட எண்ணிக்கைதான் உதவும். ஸ்னீக்கரில் வரும் முதல் பெண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். நூறாவது பெண்ணை யாரும் பார்ப்பதில்லை. முதலில் வருகிறவள் பின்னால் வருகிறவர்களுக்கான விலையைக் குறைக்கிறாள். ஹீல்ஸ் விரும்புகிறவளுக்கும் அவள் ஒரு நன்மை செய்கிறாள். அவளுடைய விருப்பத்தை இனி யாரும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

7

இத்தோடு முடித்திருந்தால் இது ஐரோப்பியத் திருவிழா ஒன்றைப் பற்றிய கட்டுரையாக இருந்திருக்கும். ஆனால் ஷூ ஒன்றைப் பேசும்போது அது எங்கே தைக்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும். இந்தியத் தோல் பொருட்களையும் தோல் ஷூக்களையும் அதிகம் வாங்கும் நாடுகளில் ஜெர்மனி ஒன்று. அந்தத் தோல் தொழிலின் முக்கியமான இடங்கள் நம் பாலாற்றங்கரையில் இருக்கின்றன: ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. தெரேசியன்வீஸயில் ஏதோ ஒரு கூடாரத்தில் நிற்கும் ஏதோ ஒரு கால், ஆம்பூர்ப் பெண் ஒருத்தி தைத்த தோலுக்குள் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஷூவின் மேற்பகுதியைத் தைக்கும் வேலையில் இங்கே பெரும்பாலும் பெண்கள்தான். ஆலைக்குள் இயந்திரத்தின் முன் தைக்கிறவர்கள் உண்டு. வீட்டுக்கே வெட்டிய தோல்துண்டுகளை வாங்கிவந்து, திண்ணையிலோ கதவோரத்திலோ தரையில் உட்கார்ந்து கையால் தைத்துத் தருகிறவர்களும் உண்டு. தடித்த தோலில் ஊசியை ஏற்றி இழுக்க இழுக்க விரல்நுனி காய்த்துப்போகும். குனிந்த கழுத்தும் முதுகும் வலிக்கும். கூலி ஜோடிக்கு இத்தனை என்று கணக்கு. இடைத்தரகர் கொண்டுவந்தால் வேலை, கொண்டுவராவிட்டால் இல்லை. வீட்டில் தைப்பவள் பெயர் எந்த வருகைப் பதிவேட்டிலும் இருக்காது. அவளுக்கு வாகான நாற்காலி எது, மேசை எது, எத்தனை மணிநேரம் என்ற கேள்விகளை யாரும் கேட்டதில்லை. இந்தத் தோல் பதனிட்ட கழிவைப் பல பத்தாண்டுகளாகக் குடித்தது பாலாறு. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும் ஆறு பழைய ஆறாகவில்லை.

இதைச் சொல்வது மியூனிக் பெண்ணின் கேள்வியைச் சிறுமைப்படுத்த இல்லை. ஆம்பூரில் முதுகு வலிக்கும்போது மியூனிக்கில் கால்வலி ஒரு பிரச்சினையா என்று கேட்டு இரண்டு பெண்களையும் வாயடைக்க வைப்பது பழைய தந்திரம். அந்தத் தந்திரத்தில் எந்த வலியும் குறைவதில்லை. நான் கேட்பது வேறு. விருந்தாளியின் கால் கணக்கில் வராததற்கு, அவள் உடல் பார்க்கப்படும் பொருளாக மட்டும் நின்றது காரணம். தைப்பவளின் முதுகு கணக்கில் வராததற்கு, அவள் உடல் பார்வைக்கே வராதது காரணம். ஒருத்தி அளவுக்கு மீறிப் பார்க்கப்படுகிறாள், இன்னொருத்தி பார்க்கப்படுவதே இல்லை. இரண்டு இடத்திலும் அந்த உடலுக்குள் இருந்து அதை வாழ்கிறவளிடம் எதுவும் கேட்கப்படவில்லை.

என் கால் எனக்கு வாகாக இருக்க வேண்டும் என்று ஒரு பெண் சொல்லும்போது, அவள் ஷூவைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. உடலுக்குள் இருப்பவளிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்ற கொள்கையை முன்வைக்கிறாள். அந்தக் கொள்கை அவளுக்குப் பொருந்தினால், அவள் ஷூவைத் தைத்தவளுக்கும் பொருந்தும். கடையில் ஷூவை எடுத்துப் பார்க்கும்போது விரல் விரிய இடமிருக்கிறதா, அடி வழுக்குமா என்று பார்ப்பதோடு, இதைத் தைத்தவள் எங்கே உட்கார்ந்து தைத்தாள், அவளுக்கு ஜோடிக்கு என்ன கொடுத்தார்கள் என்றும் கேட்கலாம். விற்பவரிடம் பதில் இருக்காது. மியூனிக்கில் ஷூ வாங்குகிற பெண்கள் போதுமான பேர் கேட்டால், பதில் தேடிக்கொண்டு யாராவது ஆம்பூர்வரை வர வேண்டியிருக்கும்.